முருகைக்கல்

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சுவரைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் கல்லெங்கும் பூப்பூவாகத் துளைகள் தெரியும். கடலுக்கடியில் பெயர்த்த முருகைக்கல் அது. பவளம்.

மன்னார் வளைகுடாக் கரையில் அன்று பவளம் என்றால் கட்ட உதவும் கல், சுட்டால் சுண்ணாம்பு. அவ்வளவுதான் அதற்கு மதிப்பு. கடப்பாரையால் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றி, சூளையில் போட்டார்கள். தூத்துக்குடிப் பக்கம் தொழிற்சாலைகளுக்கும் போனது. 1986இல் கடல் தேசியப் பூங்கா வந்தது. 2001இல் பவளம் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில், இடம்பிடித்தது. ஆனாலும் சுனாமி வந்துபோன பிறகுதான், 2005 வாக்கில், கல்லெடுப்பு ஓய்ந்தது. அதற்குள் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீருக்குள் போயிருந்தன.

இன்று கடப்பாரை இல்லை. பவளம் மட்டும் செத்துக்கொண்டிருக்கிறது.

பவளப்பூச்சியின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. நிறமும் அதுதான், பெருமளவு சோறும் அதுதான். ஏப்ரல், மே மாதங்களில் நீர் அளவுமீறிச் சுட்டால் பூச்சி அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். மிஞ்சுவது வெள்ளை எலும்பு. சீக்கிரம் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பும். இல்லாவிட்டால் பட்டினிச் சாவு. 1998, 2010, 2016 என்று இது மீண்டும் மீண்டும் நடந்தது. 2016 கோடையில் மட்டும் இங்கே சுமார் 39 விழுக்காடாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 23க்கு இறங்கியது.

சூடு ஒரு பக்கம். நாம் விடும் கரியமில வாயுவில் ஏறக்குறையக் கால்பங்கைக் கடல் விழுங்குகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த அந்த வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நீரில் கரைந்ததும் அது அமிலமாகி, பவளமும் சிப்பியும் ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டைப் பிடுங்கிக்கொள்கிறது. உலகக் கடல்களின் மேல்நீரில் கார அமில அளவு 8.2லிருந்து 8.1க்கு வந்திருக்கிறது. கடல் அமிலமாகிவிட்டது என்று எழுதுவது மிகை, இன்னும் காரம்தான். ஆனால் இந்த அளவுகோலில் 0.1 என்பது அமிலத்தன்மை கால்பங்குக்கு மேல் கூடியதற்குச் சமம். வீடு கட்டுபவனுக்குச் சுண்ணாம்பு தட்டுப்பாடானால் என்ன ஆகும்? மெதுவாகக் கட்டுவான், மெலிதாகவும் கட்டுவான்.

கல்லெடுத்தவனை வனத்துறைப் படகு துரத்திப் பிடிக்க முடிந்தது. இந்தத் திருட்டில் கை எங்கோ இருக்கிறது. எந்த ஊர்ப் புகைபோக்கி என்று யாரைக் கேட்பது?

தூத்துக்குடிக் கடலில் ஆய்வாளர்கள் உடைந்த பவளத்துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டி நடுகிறார்கள். பல இடங்களில் துளிர்த்தும் இருக்கின்றன. சிமெண்டும் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் செய்வதுதான். சுடும்போது வெளியேறுவது, அன்று பவளச் சூளையிலிருந்து போன அதே வாயு.