பழைய வெட்டு மெஷின் வாங்குவோர் கவனத்திற்கு

பெரும்போக வேளாண்மை வெட்டு முடிந்து, நெல் விற்ற காசு கையில் இருக்கும் நாட்களில் நமது சிறு விவசாயிகள் பலருக்கும் ஒரு யோசனை வருவதுண்டு. ஒவ்வொரு போகமும் வெட்டு மெஷின்காரரின் பின்னால் திரிந்து, அவர் கேட்ட கூலியையும் கொடுத்து, அவர் வரும் நாள் வரை காத்துக் கிடப்பதை விட, பாவித்த மெஷின் ஒன்றை நாமே வாங்கிப் போட்டால் என்ன? சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, கிண்ணியா என வயல் உள்ள எந்த ஊரிலும் இப்பேச்சைக் கேட்கலாம்.

இந்த யோசனையில் நியாயம் இல்லாமலில்லை. விளைந்த நெல் யாருக்காகவும் காத்திருக்காது. நெல்லின் ஈரப்பதன் 20 முதல் 24 சதவீதம் வரை இருக்கும்போது வெட்டுவதே பொருத்தமானது. பிந்தினால் மணி உதிரும். மழை பெய்தால் பயிர் சாயும். சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால் முளைத்துவிடும். அந்த ஒரு கிழமைக்குள் மெஷின் கிடைக்காவிட்டால் ஒரு போகத்து உழைப்பே பாழாகும்.

ஆனால், மனைவி பிள்ளைகளின் நகையை விற்றும், காணியை ஈடு வைத்தும் மெஷின் வாங்கிவிட்டு, அது கராஜில் நிற்க, தன் வயலை வெட்டப் பிறருடைய மெஷினுக்கே அலைகின்ற நிலையும் ஏற்படுகின்றது. காரணம், வாங்கும் விலையை மாத்திரம் பார்ப்பதுதான். பழைய மெஷினில் இலாபத்தையும் நட்டத்தையும் தீர்மானிப்பது, வெட்டுக் காலத்தில் அது எத்தனை நாள் நிற்காமல் ஓடும் என்பதே ஆகும்.

முதலில் கணக்கு

நமது பகுதியில் அதிகம் ஓடும் குபோட்டா டீசி 70 போன்ற றப்பர் ட்ராக் மெஷின்களின் வெட்டு அகலம் ஏறத்தாழ 2 மீற்றர். வயல் காய்ந்து, பயிர் நிமிர்ந்து நின்றால் மணித்தியாலத்துக்கு ஒரு ஏக்கர் அளவில் வெட்டலாம். ஐந்து ஏக்கர் உள்ளவருக்கு ஒரு போகத்துக்கு ஒரு நாள் வேலை. இரண்டு போகத்துக்கும் வருடத்தில் இரண்டு நாள்!

கணக்குக்காக, மெஷின் 30 இலட்சம் ரூபா என்றும் வெட்டுக் கூலி ஏக்கருக்கு 15,000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்து ஏக்கரை வருடத்தில் இரு தடவை வெட்டினால் மிச்சமாகும் கூலி 150,000 ரூபா. டீசலையும் திருத்த வேலையையும் சேர்க்காமலேயே முதல் திரும்ப 20 வருடம் செல்லும். அதுவரை பழைய மெஷின் இருக்காது. எனவே சொந்த வயலுக்கு மட்டும் மெஷின் வாங்குவது ஒருபோதும் கட்டுப்படியாகாது.

அடுத்தவர் வயலையும் வெட்டினால் எப்படி? டீசல், ஓட்டுநர், உதவியாள், லோ பெட் வாடகை, தரகு எல்லாம் போக ஏக்கருக்கு 6,000 ரூபா மிஞ்சுவதாகக் கொள்வோம். வருடத்துக்கு 200 ஏக்கர் வெட்டினால் 12 இலட்சம். அதில் 5 இலட்சம் திருத்த வேலைக்குப் போனால் 7 இலட்சம் மிச்சம். முதல் நான்கு வருடம் சென்ற பின்னரே திரும்பும். நாளொன்றுக்கு எட்டு ஏக்கர் வெட்டும் மெஷின் உச்சக் காலத்தில் ஐந்து நாள் நின்றால் 240,000 ரூபா போய்விடும். வாங்கும்போது பேரம் பேசிக் குறைத்த தொகை அந்த ஐந்து நாளில் கரைந்துவிடும். வாசகர்கள் தமது ஊர்க் கூலியையும் தாம் கேட்டறிந்த விலையையும் போட்டு இக்கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

எப்போது வாங்குவது?

வெட்டு இல்லாத மாதங்களில் விலை குறையும். ஆனால் வயலில் ஓட்டிப் பார்க்க வழியில்லை. வெட்டு தொடங்கும் நேரத்தில் ஓட்டிப் பார்க்கலாம், விலையோ ஏறிவிடும். நடுவழி, வெட்டுக் காலத்தின் கடைசி நாட்களில் வாங்குவது. மெஷின் இன்னும் வயலில் நிற்கும். சொந்தக்காரருக்கும் அதனை அடுத்த போகம் வரை வைத்திருக்க விருப்பம் குறைந்திருக்கும்.

மணித்தியால மீற்றரை மட்டும் நம்ப வேண்டாம். மீற்றரை மாற்றலாம், தேய்மானத்தை மாற்ற முடியாது.

எவற்றைப் பார்ப்பது?

நமக்கு அறிமுகமான மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். விற்பவர் அழைத்துவரும் மெக்கானிக் விற்பவரின் ஆள் என்பதை மறக்கக் கூடாது.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்ய வேண்டும். நாம் போகும்போது ஏற்கனவே சூடாக இருந்தால் அது ஏன் எனக் கேளுங்கள். ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் பலமாகப் புகை தள்ளுகின்றதா, புகைக்குழாயில் நீல நிறப் புகை வருகின்றதா என்று பார்க்க வேண்டும். இவை உள்பாகம் தேய்ந்து ஒயில் எரிவதன் அடையாளங்கள்.

அடுத்து றப்பர் ட்ராக். வெடிப்புகளுக்கூடாக உள்ளே உள்ள இரும்புக் கம்பி தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்றே கொள்ள வேண்டும். ட்ராக்கைச் சுழற்றும் பற்சக்கரத்தின் பற்கள் கொக்கி போல் வளைந்து கூர்மையாகியிருந்தால் அதுவும் மாற்ற வேண்டியதே. இவை விலை கூடிய சாமான்கள். விலை பேசும் முன்னரே இவற்றின் இன்றைய விலையைக் கடையில் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

மூன்றாவது, மெஷினை முன்னும் பின்னும் நகர்த்தும் ஹைட்ரோலிக். குளிர்ந்த நிலையில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் ஓடும். ஒரு மணித்தியாலம் வெட்டி ஒயில் சூடேறிய பிறகு வரம்பு ஏற்றிப் பாருங்கள், லோ பெட்டில் ஏற்றிப் பாருங்கள். அப்போது இழுவை குறைந்தால் அந்தப் பம்புக்குச் செலவு காத்திருக்கின்றது.

நான்காவது, நெல் செல்லும் வழி. உமியில் சிலிக்கா உள்ளதால் நெல் இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். நெல்லைத் தள்ளும் சுருள்களின் ஓரம் தகடு போல் மெலிந்துள்ளதா, அடித்தகட்டில் ஓட்டை விழுந்துள்ளதா, அடிக்கும் பற்களும் சல்லடையும் தேய்ந்துள்ளனவா என்று மூடிகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சுத்தம் செய்யாமல் நிறுத்திய மெஷினுக்குள் எலி கூடு கட்டி வயர்களைக் கடித்திருக்கும். அதையும் கவனியுங்கள்.

கடைசியாக நெல் விரயம். மெஷின் வெட்டிச் சென்ற இடத்தில், வெட்டு அகலம் முழுவதற்கும், ஒரு மீற்றர் நீளத்துக்கு வைக்கோலை உதறி, தரையில் கிடக்கும் மணிகளை எண்ணுங்கள். வெட்டுவதற்கு முன்னரே உதிர்ந்து கிடந்தவற்றைக் கழித்துவிட வேண்டும். அகலம் 2 மீற்றர் என்பதால் தொகையை இரண்டால் பிரித்தால் ஒரு சதுர மீற்றருக்குரிய கணக்கு வரும். நாட்டு நெல்லில் ஆயிரம் மணி ஏறத்தாழ 25 கிராம். சதுர மீற்றருக்கு 100 மணி கிடந்தால் ஏக்கருக்குச் சுமார் 10 கிலோ போகின்றது. 500 மணி கிடந்தால் 50 கிலோ. அப்படிப்பட்ட மெஷினை வட்டையில் ஒருவரும் இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள்.

உதிரிப்பாகம் முக்கியமான விடயம். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வருட நடுப்பகுதியில் 360 ரூபா வரை ஏறியபோது இறக்குமதிச் சாமான்களின் விலை என்ன ஆனது என்பதை நாம் கண்டோம். ஊரில் பலர் ஓட்டும் மொடலை வாங்கினால் சாமானும் கிடைக்கும், திருத்தத் தெரிந்தவரும் கிடைப்பார். மலிவு என்று யாரிடமும் இல்லாத மொடலை வாங்கினால் ஒரு பெல்ட்டுக்காகக் கொழும்புக்கு ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருக்க நேரிடும்.

பத்திரமும் பணமும்

மெஷினின் உரிமை யாருடையது, லீசிங் கடன் தீர்ந்ததா என்பதற்கு எழுத்து மூல ஆதாரம் கேளுங்கள். கடன் மீதி உள்ள மெஷினை வாங்கினால், காசு கொடுத்த பின்னரும் கம்பனி வந்து இழுத்துச் செல்ல இடமுண்டு.

பணம் போதாதவர்கள் வட்டிக்கு ஓட வேண்டியதில்லை. இஸ்லாமிய நிதி நிறுவனங்களின் முராபஹா முறையில், நிறுவனம் பொருளை வாங்கி இலாபம் வைத்து நமக்குத் தவணைக்கு விற்கின்றது. ஆனால் வெட்டுக் கூலி வருடத்தில் இரு தடவையே வரும். மாதத் தவணைக்கு ஒப்புக்கொண்டு கஷ்டப்படாமல், போகத்துக்கு ஏற்பத் தவணை கேட்க வேண்டும்.

கூட்டாக வாங்குவது இன்னும் நல்லது. வயல் அருகருகே உள்ள ஐந்து பேர் சேர்ந்தால் முதலும் பங்காகும், வேலையும் கூடும். யார் வயல் முதலில் வெட்டுவது, திருத்தச் செலவு எப்படி, விலக விரும்பினால் என்ன செய்வது என்பவற்றை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இலாபத்தைப் பேசிய படி பிரிக்கலாம், நட்டம் அவரவர் போட்ட முதலின் விகிதப்படியே என்பது மார்க்கச் சட்டம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகின்றது. சொந்தக்காரர்தானே என்று எழுதாமல் விடுவதாலேயே பல சொந்தங்கள் பிரிகின்றன.

மெஷின் வாங்க வசதியில்லாதவர்களும் இதே ஐந்து பேராகச் சேர்ந்து, 25 ஏக்கர் வேலையை ஒன்றாக ஒரு மெஷின்காரரிடம் முன்கூட்டியே பேசலாம். ஒரே இடத்தில் மூன்று நாள் வேலை கிடைப்பதால் அவரும் விரும்பி வருவார், கூலியிலும் குறைத்துப் பேச இடமுண்டு. பலருக்கு இதுவே போதுமானது.

விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா எனக் கேட்டுக் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. தேய்ந்த ட்ராக்கிற்குக் கறுப்புப் பூசுவதும், தளர்ந்த பம்புக்குத் தடித்த ஒயில் ஊற்றுவதும் அந்த ஈரத்தை மறைப்பதற்கு ஒப்பானதே. குறையைச் சொல்லி விற்றால் விலை சற்றுக் குறையலாம், ஆனால் வாங்கியவரின் பதுவா நம்மைத் தொடராது.

வாங்குபவரும் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, பின்னர் நஸீபு என்று சொல்லிக்கொண்டிருப்பது முறையல்ல. விசாரித்து, கணக்குப் பார்த்து, வயலில் ஓட்டிப் பார்த்து, அதன் பின்னர் தவக்குல் வைப்போம். அல்லாஹ் நமது கொடுக்கல் வாங்கல்களில் பரக்கத் செய்வானாக.