உழக்கில் அடங்காத பழக்கணக்கு

சிம்மக்கல் பழக்கடைகளைக் கடந்து செல்லும்போதெல்லாம் என் பார்வை தராசின்மீதே படியும். பொருளியல் கற்பித்த பழக்கம் ஓய்வு பெற்ற பின்னும் விடவில்லை. என் சிறுவயதில் நாவலும் இலந்தையும் உழக்கில் அளந்தே கிடைத்தன. தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பது விற்பவரின் மனத்தைப் பொறுத்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறை வந்தது. கடையில் கிலோ நிலைத்தது. அடுக்களையில் மட்டும் 'கப்' என்ற பெயரில் உழக்கின் ஆட்சி தொடர்கிறது.

இதனால் என்ன கேடு? அண்மையில் எங்கள் பகுதி மகளிர் குழுவினர் பன்னீர் திராட்சையில் ஜாம் செய்து விற்க முனைந்தனர். 'ஒரு கப் பழத்துக்கு ஒரு கப் சர்க்கரை' என்றது அவர்களிடம் இருந்த செய்முறைக் குறிப்பு. சரிபாதி என நம்பிச் செய்தார்கள். பழச்சுவையை விஞ்சித் தித்திப்பே நின்றது. கணக்கைப் பார்த்துச் சொல்லுமாறு என்னிடம் வந்தனர்.

கப் என்பது இடத்தை அளப்பது, எடையை அன்று. பழங்களுக்கு இடையேயுள்ள காற்றையும் அது சேர்த்தே அளக்கிறது. உருண்டைகளைப் பாத்திரத்தில் கொட்டிக் குலுக்கினால் ஏறத்தாழ 64 விழுக்காடு இடமே நிரம்பும். கடைக்காரர் ஆரஞ்சுகளைக் கோபுரமாக அடுக்கும் முறையில் 74 விழுக்காடு நிரம்பும். அதைவிட நெருக்கமாக அடுக்க இயலாது என 1611-இல் கெப்ளர் ஊகித்ததை 1998-இல் தாமஸ் ஹேல்ஸ் நிறுவினார்.

237 மில்லி லிட்டர் கொண்ட அமெரிக்கக் கப்பில் திராட்சை சுமார் 150 கிராம் கொள்ளும். சர்க்கரையோ 200 கிராம். கொடைக்கானலில் விளையும் ஸ்ட்ராபெரியை எடுத்துக்கொள்வோம். முழுப்பழமாக இட்டால் அதே கப்பில் ஏறத்தாழ 144 கிராம், நறுக்கினால் 166, கூழாக்கினால் 232. பழமும் ஒன்று, கப்பும் ஒன்று. எடை மட்டும் மூன்று.

இது சுவையோடு முடியும் சிக்கல் அன்று. நம் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஜாமில் பழத்தின் பங்கு 45 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது (ஸ்ட்ராபெரி, ராஸ்பெரிக்கு 25). கரைந்த திடப்பொருள் 65 விழுக்காடாவது இருக்க வேண்டும். 150 கிராம் திராட்சையும் 200 கிராம் சர்க்கரையும் இந்தப் பதத்துக்குக் காய்ச்சப்பட்டால் ஏறத்தாழ 350 கிராம் ஜாம் கிடைக்கும். பழத்தின் பங்கு 43 விழுக்காடுதான். விதையை நீக்கினால் இன்னும் குறையும். எடைக்கு எடை சேர்த்திருந்தால் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். ஒரு கப்பை நம்பியதால், அறியாமலே விதியை மீறும் நிலைக்கு அவர்கள் வந்துவிட்டார்கள்.

தீர்வு எளிது. கப் கணக்கில் எழுதிய குறிப்பை விட்டுவிட மனமில்லாதவர்கள், விதை நீக்கி, நறுக்கி, சமையலுக்கு ஆயத்தமான நிலையில் பழத்தைக் கப்பில் இட்டு மூன்று முறை எடை பார்த்துச் சராசரியைக் குறித்துக்கொள்ளலாம். எந்தப் பழத்துக்கு, எந்த நிலையில் என்பதையும் அருகில் எழுத வேண்டும். முழுத் திராட்சையாயின் லிட்டருக்கு 630 கிராம் என்பது தோராயக் கணக்கு.

மகளிர் குழுக்களுக்கான பயிற்சிக் கையேடுகள் கிராமிலேயே அச்சிடப்பட வேண்டும். பயிற்சியோடு ஒரு சிறு மின்னணுத் தராசும் தரப்பட வேண்டும். கடைத்தெருவில் வாங்குபவரைக் காக்கத் தராசைக் கொண்டுவந்தோம். அடுப்படியிலிருந்து பிழைப்பைத் தொடங்கும் பெண்களுக்கும் அதே காவல் தேவை.