சீக்கிரம் வந்துட்டாம்ல!

"கேபிள் வரலையா அண்ணாச்சி?"

பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த அக்கா கேட்டதில் தப்பே இல்லை. தூத்துக்குடி மில்லர்புரத்தில் ஒரு மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டியின் நிழலில், அறுபதைத் தொட்ட ஒரு மனிதர் பிளம்பிங் குழாய் ஒன்றை வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கிறார். மஞ்சள் இஞ்ச் டேப்பை முழ நீளத்துக்கும் மேலாக வெட்டி, குழாயின் குறுக்கே மூன்று இடத்தில் கட்டியிருக்கிறது. உப்பளக் காற்று அடிக்கும்போதெல்லாம் அந்தத் துண்டுகள் தட்டான் இறகு மாதிரி துடிக்கின்றன. பொழுதுபோக்காக வானொலி இயக்கும் ஹாம் ரேடியோக்காரர்கள் இதை யாகி ஆன்டெனா என்று மரியாதையாகச் சொல்வார்கள். மொத்தச் செலவு ஒரு நல்ல ஹோட்டல் சாப்பாட்டைத் தாண்டாது.

"கேபிள் இல்ல தாயி, சேட்டிலைட்டு. ஹாலந்துப் பய. சாகக் கெடக்கான்."

அக்கா துணியை அள்ளிக்கொண்டு வேகமாகக் கீழே இறங்கிவிட்டார்.

2023 தீபாவளிக்கு முந்தைய வாரம் அது. அண்ணாச்சியிடம் மத்திய அரசு தந்த ஹாம் உரிமம் இருக்கிறது, வி.யு.3 என்று தொடங்கும் கால் சைன் இருக்கிறது. பெயரையும் கால் சைனையும் மட்டும் போட வேண்டாம் என்றார். "இதுல ஒரு பைசா சம்பாதிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. பேர மட்டும் சம்பாதிச்சு என்ன செய்ய?"

சாகக் கிடந்தவன் பெயர் டெல்ஃபி-சி3. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் செய்தது. ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் என்ன அளவோ அவ்வளவுதான் உடம்பு. எடை 2.2 கிலோ. ஆனால் ஏறிப்போனது நம் வாசலிலிருந்து: 2008 ஏப்ரல் 28, ஸ்ரீஹரிகோட்டா, பி.எஸ்.எல்.வி. சி9. கார்ட்டோசாட்-2ஏ பெரிய மாப்பிள்ளையாக முன்னால் உட்கார, அதையும் சேர்த்துப் பத்து செயற்கைக்கோள்கள் ஒரே வண்டியில் போன பயணம் அது. டெல்ஃபி அதில் ஓரமாக ஒண்டிக்கொண்டு போன பொடியன்.

அந்தப் பொடியனிடம் பேட்டரி கிடையாது. வெயில் பட்டால் பேசுவான், பூமியின் நிழலுக்குள் போனால் அணைந்துவிடுவான், மறுபடி வெயில் பட்டதும் ஒன்றுமே நடக்காதது போல விழித்துக்கொள்வான். ஐயோ பாவம் என்று தோன்றுகிறதா? இதையும் கேளுங்கள். 2005 மே 5 அன்று இஸ்ரோ ஹாம்களுக்கென்றே அனுப்பிய ஹாம்சாட்டில், சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் ஒன்று இந்தியாவில் செய்தது, இன்னொன்று ஹாலந்து மாணவர் ஒருவர் செய்தது. அந்த ஹாம்சாட் அருமையாக ஒன்பது ஆண்டு உழைத்து, 2014 ஜூலையில் ஊமையாகிவிட்டது. காரணம், பேட்டரி! பேட்டரியே இல்லாத பொடியனோ பதினைந்து வருஷம் தாண்டிவிட்டான். அண்ணாச்சி இதைச் சொல்லிவிட்டுத் தொடையில் ஒரு தட்டு தட்டினார். "ஒண்ணுமே இல்லாதவன்ட்ட எத புடுங்குவ?"

சரி, டெல்ஃப்டில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்களுக்கு மில்லர்புரத்து மாடி எதற்கு? அவர்கள் ஆன்டெனாவுக்கு மேலே வரும்போதுதான் செயற்கைக்கோள் அவர்கள் காதில் விழும். ஒரு நாளில் அப்படிச் சில தடவைதான், அதுவும் ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் அது யார் யார் வீட்டு மாடிக்கு மேலேயோ போய்க்கொண்டிருக்கும். அதனால் ஆரம்பத்திலிருந்தே உலகத்து ஹாம்களைக் கூட்டாளிகளாக்கிக்கொண்டார்கள். ஒரு மென்பொருளை இலவசமாகக் கொடுத்தார்கள். ரேடியோவில் கேட்கும் இரைச்சலைக் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டு வழியாக விட்டால், அது எண்களைப் பிரித்தெடுத்து இணையம் வழியாக டெல்ஃப்டுக்கு அனுப்பிவிடும். மென்பொருளின் பெயர் ராஸ்கல். சத்தியமாக அதுதான் பெயர். அண்ணாச்சியின் பழைய லேப்டாப்பில் அந்த ஜன்னல் திறக்கும்போதெல்லாம் நம்பியார் குரலில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறார்.

முதல் நாள் கோட்டைவிட்டோம். தப்பு என் பேரில்தான். கைப்பேசிச் செயலியில் பார்த்து, செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும் நேரத்தைச் சரியாகச் சொன்னேன். ஹாம் பாஷையில் இதற்கு 'பாஸ்' என்று பெயர். டீயை முடித்துவிட்டு, இரண்டு நிமிடம் இருக்கிறது என்று நிதானமாக மாடிப்படி ஏறுகிறேன். மேலிருந்து அலறல்: "சீக்கிரம் வந்துட்டாம்ல!"

ஓடிப்போய்ப் பார்த்தால் பாதி பாஸ் போய்விட்டது. செயலியிலிருந்த சுற்றுப்பாதைக் கணக்கு நேற்றையது. வாழ்வின் கடைசி வாரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்கு நேற்றைய கணக்கு போன வருஷத்துப் பஞ்சாங்கம் மாதிரி. சாகப்போகிறவன் தளர்ந்து தாமதமாக வருவான் என்றுதானே நினைப்போம்? இவன் நாளுக்கு நாள் முந்துகிறான். மெல்லிய காற்று உரசுகிறது, உரசினால் பாதை தாழ்கிறது. தாழ்ந்தால் இறக்கத்தில் கிடைக்கிற வேகம், உரசலில் போன வேகத்தைவிட அதிகம். சுற்றவேண்டிய வட்டமும் சின்னதாகிவிடுகிறது. ஏறிப்போனபோது சுமார் 630 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு 97 நிமிடம் எடுத்தவன், 200 கிலோமீட்டருக்கு இறங்கும்போது 89 நிமிடத்துக்குள் முடித்துவிடுவான். தலைக்கு மேல் இருக்கும் நேரமும் சுருங்கிவிடும். அன்று அடிவானத்திலிருந்து அடிவானத்துக்கு 13 நிமிடம், கடைசியில் ஏழு. அந்த ஏழில் மூன்று என் டீயோடு போனது.

இதில் சூரியனின் கைவரிசையும் உண்டு. சூரியன் உக்கிரமாகும் ஆண்டுகளில் மேல் வளிமண்டலம் சூடேறி உப்பிக்கொள்ளும், உரசல் கூடும். 2022 பிப்ரவரியில் ஒரு காந்தப்புயலில் புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 திரும்பி விழுந்தது இப்படித்தான்.

மறுநாள் கால் மணி நேரம் முன்னதாகவே மேலே போய்விட்டோம். ஹெட்போனில் ஒரு காது எனக்கு, ஒரு காது அவருக்கு. 145.870 மெகாஹெர்ட்ஸ். வெறும் உப்புமா தாளிக்கிற சத்தம். அண்ணாச்சி குழாயை அடிவானத்தில் மெதுவாகத் துழாவுகிறார், இருட்டில் சுவிட்சைத் தேடுவது போல. திடீரென்று அந்தத் தாளிப்புக்குள் ஒரு கர்ர்ர். மணியாச்சியில் நிற்காமல் போகும் ரயிலின் ஹார்ன் கடக்கும்போது இறங்குமே, அது மாதிரி சுருதி இறங்கிக்கொண்டே போகிறது. வரும்போது மூன்று கிலோஹெர்ட்ஸ் மேலே, போகும்போது மூன்று கிலோஹெர்ட்ஸ் கீழே. லேப்டாப் திரையில் ஒரு மங்கல் கோடு சாய்கிறது. ராஸ்கல் ஒரு வரி எண்ணைத் துப்பியது. அப்புறம் இன்னொரு வரி. நான் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை.

"முத்துக்குளிக்கப் போறவனுக்குக் கயிறு பிடிக்க மச்சானத்தான் நிறுத்துவாங்கன்னு இங்க சொல்லுவாங்க," என்றார் அண்ணாச்சி, கையைத் தாழ்த்தாமல். "தங்கச்சி வாழ்க்கைல்லா. கண்ண எடுக்க மாட்டான்."

அவருக்கு இதில் ஒரு பழைய குறை இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்துப் பிள்ளை, 40 கிலோ, 2009 ஏப்ரல் 20இல் ஏறி 2012 ஏப்ரல் 18இல் எரிந்துபோனது. அந்தச் சேதியை இவர் பேப்பரில்தான் படித்தார். "நம்ம பிள்ள போனப்போ காது கொடுக்கல. ஹாலந்துப் பிள்ளைக்காவது கொடுப்போம்."

ஒரு கனவும் உண்டு. திருச்செந்தூரைத் தாண்டினால் குலசேகரப்பட்டினம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகிற ராக்கெட் இலங்கைக்கு மேலே பறக்காமல் ஒதுங்கி வளைந்து எரிபொருளை வீணாக்க வேண்டும். குலசையிலிருந்து நேரே தெற்கே கடல்தான். ஏவுதளத்துக்கு அதன்பிறகு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல்லும் நட்டாயிற்று. தசராவுக்கு ஊரே வேஷம் கட்டும் மண்ணில் ராக்கெட் ஏறுவதை இதே மாடியிலிருந்து பார்த்துவிடலாம் என்று, தண்ணீர்த் தொட்டியை வேறு மூலைக்கு மாற்றும் யோசனையில் இருக்கிறார். வீட்டம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.

2023 நவம்பர் 12, தீபாவளி. தெருவெல்லாம் புகை. பையன்கள் பாட்டிலில் ராக்கெட்டை நிறுத்தி மேலே அனுப்பிக்கொண்டிருக்க, நாங்கள் கீழே வருகிறவனைத் தேடிக்கொண்டிருந்தோம். மெலிதாக ஒரு கர்ர் வந்தது. அவன்தான் என்று அண்ணாச்சி அடித்துச் சொன்னார். ராஸ்கல் ஒரு வரிகூடத் துப்பவில்லை.

நவம்பர் 13. அரை மணி நேரம் முன்னதாக ஏறிவிட்டோம். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம் முன்னால் ஒன்றுமில்லை. சொன்ன நேரம் வந்தது, போனது, தாளிப்புச் சத்தம் மட்டும். டெல்ஃபி-சி3 அன்றைக்குத்தான் காற்றில் கரைந்தது.

பக்கத்து மாடி அக்கா ஒரு தட்டில் முந்திரிக்கொத்து கொண்டுவந்து கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார். "எங்க அண்ணாச்சி அந்த ஹாலந்துக்காரன்?"

"இன்னும் சீக்கிரமா வந்துட்டுப் போயிருப்பானோ," என்றார் அண்ணாச்சி, ஹெட்போனைக் கழற்றாமல். "இன்னொரு சுத்து பாத்துருவோம். எம்பத்தெட்டு நிமிசந்தானே?"