கல்லாப் பெட்டி யார் கையில்? 2,000 பேர் முதலாளிகளாக இருக்கும் டெட்ராய்ட் மளிகைக் கடை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டெட்ராய்ட் நகரம். அதன் நடுவே ஓடும் வுட்வர்ட் அவென்யூவில் 2024 மே மாதம் ஒரு மளிகைக் கடை திறந்தது. கீரை, ஆப்பிள், ரொட்டி, இறைச்சி, சுடச்சுட எடுத்துச் சாப்பிட ஒரு பகுதி என உள்ளே போனால் வழக்கமான சூப்பர் மார்க்கெட்தான். ஆனால் இதற்கு முதலாளி என்று ஒருத்தர் கிடையாது. ஆளுக்கு 200 டாலர் பங்கு போட்ட 2,000-க்கும் மேற்பட்டவர்கள்தான் முதலாளிகள்.

கடையின் பெயர், டெட்ராய்ட் பீப்பிள்ஸ் ஃபுட் கோ-ஆப். 'ஒரு மளிகைக் கடை திறந்ததெல்லாம் செய்தியா பாஸ்?' என்று கேட்கலாம். யோசனை தொடங்கி ஷட்டர் தூக்கும்வரை இதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. கட்டடத்துக்கு மட்டும் சுமார் 2.2 கோடி டாலர் செலவு. பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. ஒரு பள்ளிக்கூட முதல்வர், சில ஆசிரியர்கள், பெற்றோர்கள், தோட்டம் போடுகிறவர்கள் சேர்ந்து ஆரம்பித்த லாப நோக்கற்ற அமைப்பு ஒன்றுதான் இதை இழுத்துக்கொண்டு வந்தது.

இவ்வளவு மெனக்கெட்டு ஒரு கடை எதற்கு?

கடையே இல்லாத ஊரா டெட்ராய்ட்?

ஒரு காலத்தில் உலகத்துக்கே கார் செய்து கொடுத்த ஊர் இது. 1950-ல் மக்கள்தொகை சுமார் 18.5 லட்சம். 2020 கணக்கெடுப்பில் 6.39 லட்சம். தொழிற்சாலைகள் மூடின, இடம் மாறின. வசதியான வெள்ளையினக் குடும்பங்கள் புறநகருக்குப் போனார்கள். பெரிய கடைகளும் அவர்கள் பின்னாலேயே போய்விட்டன. இன்று நகரத்தில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவர்கள் கறுப்பின மக்கள்.

2007-ல் ஃபார்மர் ஜாக் என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனம் தன் கடைகளை மூடியது. அதன் பிறகு சில வருஷங்களுக்கு, இவ்வளவு பெரிய நகரத்துக்குள் பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனம் எதற்கும் கிளை இல்லை. 2013-ல்தான் ஹோல் ஃபுட்ஸும் மைஜரும் வந்தன. அதே வருஷம் ஜூலையில் நகர நிர்வாகமே திவால் மனு போட்டது தனிக்கதை.

இந்த இடத்தில் ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். 'டெட்ராய்ட்டில் மளிகைக் கடையே இல்லை' என்று அப்போது எழுதியவர்கள் உண்டு. அது சரியில்லை. தனியார் நடத்தும் கடைகள் நிறையவே இருந்தன. அவற்றில் பல, இராக்கிலிருந்து வந்து குடியேறிய கால்டியக் கிறிஸ்தவக் குடும்பங்களுடையவை. ஆனால் எல்லாத் தெருவுக்கும் நல்ல கடை பக்கத்தில் இல்லை. கார் இல்லாதவர்களுக்குக் கைக்கு எட்டியது பெட்ரோல் பங்க் கடையும், மதுக்கடையோடு ஒட்டிய சின்னக் கடையும்தான். அங்கே சிப்ஸ் கிடைக்கும், தக்காளி கிடைக்காது.

இன்னொரு விஷயமும் உண்டு. வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர், கடை வைத்திருப்பவர்களில் அவர்கள் கிட்டத்தட்ட இல்லை. நகரத்தில் கறுப்பினத்தவருக்குச் சொந்தமாகக் கடைசியாக இருந்த சூப்பர் மார்க்கெட்டாக அறியப்பட்ட மெட்ரோ ஃபுட்லேண்டும் 2014-ல் மூடிவிட்டது. அதாவது, சாப்பாட்டுக்குச் செலவழிக்கிற காசு கல்லாவில் விழுந்ததும் அந்தத் தெருவை விட்டே வெளியேறிவிடும்.

இப்படிப்பட்ட பகுதிகளை 'உணவுப் பாலைவனம்' என்று அழைப்பது வழக்கம். டெட்ராய்ட்காரர்கள் பலருக்கு அந்த வார்த்தை பிடிப்பதில்லை. பாலைவனம் இயற்கையாக உருவாவது. இது மனிதர்கள் எடுத்த முடிவுகளால் வந்தது. அதனால் அவர்கள் இதை 'உணவு நிறவெறி' என்கிறார்கள்.

2006: ஒரு கூட்டம், ஒரு துண்டு நிலம்

நசோரோமா இன்ஸ்டிட்யூட் என்ற பள்ளியின் முதல்வராக இருந்தவர் மாலிக் யாகினி. ஆப்பிரிக்க வரலாற்றையும் பண்பாட்டையும் மையமாக வைத்துப் பாடம் நடத்திய பள்ளி அது. உணவு எங்கிருந்து வருகிறது, யார் விளைவிக்கிறார்கள் என்பதும் அங்கே பாடம்.

2006-ல் அவர் கூட்டிய கூட்டத்துக்கு சுமார் 40 பேர் வந்தார்கள். அங்கே எழுந்த கேள்வி கொஞ்சம் சங்கடமானது. நகர விவசாயம் டெட்ராய்ட்டில் அப்போது பரபரப்பாக இருந்தது. ஆனால் கறுப்பினத்தவர் அதிகம் வாழும் ஊரில், அந்த இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களில் பெரும்பாலானோர் வெளியிலிருந்து வந்த வெள்ளையின இளைஞர்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் நம்ம ஊரில் என்ன நட வேண்டும் என்பதை நாம்தானே முடிவு செய்ய வேண்டும்? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் டெட்ராய்ட் பிளாக் கம்யூனிட்டி ஃபுட் செக்யூரிட்டி நெட்வொர்க். பின்னாளில் 'செக்யூரிட்டி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'சாவரின்ட்டி' என்று மாற்றிக்கொண்டார்கள். உணவுப் பாதுகாப்பு என்றால் வயிற்றுக்குக் கிடைத்தால் போதும். உணவு இறையாண்மை என்றால் முடிவெடுக்கும் உரிமையும் கையில் இருக்க வேண்டும்.

முதலில் கிடைத்த சின்ன இடத்தில் பயிர் வைத்தார்கள். இரண்டு வருஷத்துக்குள் இடம் மாறி மாறி, 2008-ல் ரூஜ் பார்க் என்ற பூங்காவில் 2 ஏக்கர் கிடைத்தது. டி-டவுன் ஃபார்ம் என்ற பெயரில் இன்று அது 7 ஏக்கர் பண்ணை. நிலம் நகராட்சியுடையது. இவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

பண்ணையோடு நிற்கவில்லை. நகரத்துக்கான உணவுப் பாதுகாப்புக் கொள்கை ஒன்றை இவர்களே எழுதிக் கொடுக்க, 2008-ல் நகர்மன்றம் அதை ஏற்றது. அடுத்த வருஷமே டெட்ராய்ட் உணவுக் கொள்கை கவுன்சில் உருவானது. கீரை வளர்க்கிற கூட்டம் என்று நினைத்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்கும்.

நிலம் யாருக்கு?

மக்கள் காலி செய்துவிட்டுப் போன ஊரில் காலி மனைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது யாருக்குப் போகிறது என்பதில்தான் சண்டை.

ஜான் ஹான்ட்ஸ் என்ற தொழிலதிபர் நகரத்தின் கிழக்குப் பகுதியில் மரங்கள் நடப்போவதாகச் சொல்லி சுமார் 1,500 மனைகளைக் கேட்டார். யாகினி உள்ளிட்ட பலர் எதிர்த்தார்கள். 2012 டிசம்பரில் நகர்மன்றம் 5-க்கு 4 என்ற வாக்கில் விற்பனைக்கு ஒப்புதல் கொடுத்தது. காடாகிவிட்ட மனைகளை ஒருவர் சுத்தம் செய்து மரம் நட்டு வரியும் கட்டினால் நல்லதுதானே என்பது ஆதரித்தவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பக்கத்து மனையில் வருஷக்கணக்கில் கத்தரிக்காய் போட்டுக்கொண்டிருப்பவர் அதே மனையை விலைக்குக் கேட்டால் அலையவிடுகிறார்களே என்ற எரிச்சலும் அங்கே நிஜம்.

அந்த எரிச்சலுக்கு ஒரு வடிவம் கிடைக்க எட்டு வருஷம் ஆனது. 2020-ல் நெட்வொர்க்கும், கீப் குரோயிங் டெட்ராய்ட், ஓக்லேண்ட் அவென்யூ அர்பன் ஃபார்ம் ஆகிய அமைப்புகளும் சேர்ந்து கறுப்பின விவசாயிகளுக்கான நில நிதியைத் தொடங்கின. பயிர் செய்கிறவர் பெயருக்கே பட்டா வாங்கிக் கொடுப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பண உதவியோடு, விண்ணப்பம், ஆவணம் என்று இழுக்கும் வேலைகளிலும் கூடவே நிற்கிறார்கள்.

கட்டடம் ஒருத்தருடையது, கடை இன்னொருத்தருடையது

இனி கடைக்கு வருவோம். இதில்தான் பலருக்கும் குழப்பம்.

இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. ஒன்று, லாப நோக்கற்ற நெட்வொர்க். நன்கொடை, அறக்கட்டளை நிதி, அரசின் வரிச்சலுகைத் திட்டம் போன்றவற்றை அணுக முடிவது இதனால்தான். டெவலப் டெட்ராய்ட் என்ற இன்னொரு லாப நோக்கற்ற நிறுவனத்தோடு சேர்ந்து, டெட்ராய்ட் ஃபுட் காமன்ஸ் என்ற இரண்டு மாடிக் கட்டடத்தை எழுப்பியது இது. இரண்டாவது, கோ-ஆப். கட்டடத்தின் தரைத்தளத்தில் கடை நடத்தும் தனி வணிக நிறுவனம். அதன் உரிமை பங்கு போட்டவர்களிடம் இருக்கிறது.

ஏன் இப்படிப் பிரிக்க வேண்டும்? நன்கொடையில் ஓடும் கடை, நன்கொடை நின்றதும் நின்றுவிடும். வெறும் வணிகமாகத் தொடங்கியிருந்தால் இந்தப் பகுதியில் 2.2 கோடி டாலர் திரட்டியிருக்கவே முடியாது. கட்டடத்துக்கு நன்கொடை, கடைக்கு வியாபாரம் என்று பிரித்ததில் புத்திசாலித்தனம் இருக்கிறது.

200 டாலர் பங்கு போட்டால் என்ன கிடைக்கும்? ஒரு ஓட்டு. ஒருவருக்கு ஒன்றுதான். நிர்வாகக் குழுவை இந்த உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். லாபம் வந்தால், வாங்கிய அளவுக்கு ஏற்ப ஒரு பகுதி திரும்பி வரலாம். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் தவணையில் கட்டலாம். உறுப்பினர் ஆகாதவர்களும் கடையில் வாங்கலாம்.

1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் தொடங்கிய அதே மாதிரிதான் இது. சென்னையில் 1904-ல் பிறந்த திருவல்லிக்கேணி கூட்டுறவு பண்டகசாலையின் வேரும் அங்கேதான் போய்ச் சேரும்.

கடை திறந்த சமயத்தில் கோ-ஆப் நிர்வாகக் குழுவின் தலைவராக இருந்தவர் லானே கில்பர்ட்-வில்லியம்ஸ். கேட்க நன்றாக இருந்தாலும் இந்த நாற்காலி சுகமானதல்ல. பங்கு போட்டுவிட்டு வருஷக்கணக்கில் 'கடை எப்போ திறக்கும்?' என்று கேட்பவர்களுக்கு இந்தக் குழுதான் பதில் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் ஒரே தேவாலயத்துக்கு வருகிறவர்கள், ஒரே தெருவில் இருப்பவர்கள். மின்னஞ்சலில் மழுப்பிவிட்டுப் போக முடியாது.

கடை தாக்குப்பிடிக்குமா?

மளிகை வியாபாரத்தில் லாபம் ரொம்பவே மெல்லிசு. நூறு டாலருக்கு விற்றால் கடைசியில் கையில் நிற்பது ஒன்றிரண்டு டாலர். பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஒரே நேரத்தில் வாங்குவதால் விலை குறைத்துத் தர முடிகிறது. ஒற்றைக் கடைக்கு அந்த வசதி கிடையாது. அதனால் சில பொருள்களில் விலை கூடத்தான் இருக்கும். ஊழியருக்கு நல்ல சம்பளம், உள்ளூர் விவசாயிக்கு நியாயமான விலை, வாங்குகிறவருக்குக் குறைந்த விலை என்று மூன்றையும் ஒரே பில்லில் அடக்க வேண்டும் என்றால் எங்காவது இடிக்கும்.

எச்சரிக்கையாக ஓர் உதாரணம் உண்டு. வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோவில், 1998-ல் சூப்பர் மார்க்கெட் மூடிய பகுதியில் மக்களே போராடி ரெனசான்ஸ் கோ-ஆப் என்ற கடையை 2016-ல் திறந்தார்கள். 18 வருஷக் காத்திருப்பு. விற்பனை எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. 2019 ஜனவரியில் மூடிவிட்டார்கள். கடை வேண்டும் என்று கூட்டத்தில் கை தூக்கியவர்களே, வாரக் கடைசியில் விலை குறைவான இடத்துக்குப் போய்விட்டால் எந்த நிர்வாகக் குழுவாலும் ஒன்றும் செய்ய முடியாது. மறுபக்கம், கலிஃபோர்னியாவின் மேற்கு ஓக்லேண்டில் 2009-ல் திறந்த மண்டேலா குரோசரி, ஊழியர்களே உரிமையாளர்களாக இருந்து வருஷக்கணக்கில் ஓடிக் காட்டியிருக்கிறது.

அரசின் ஃபுட் ஸ்டாம்ப் உதவி இந்தக் கணக்கில் பெரிய பங்கு வகிக்கிறது. மிச்சிகனில் 'டபுள் அப் ஃபுட் பக்ஸ்' என்றொரு திட்டம் உண்டு. 2009-ல் டெட்ராய்ட் உழவர் சந்தைகளில் தொடங்கியது. உதவிப் பணத்தில் காய்கறி, பழம் வாங்கினால், அதே அளவுக்குக் கூடுதலாகக் காய்கறி, பழம் வாங்கிக்கொள்ளலாம். வாங்குகிறவர் பை நிறையும், விளைவித்தவருக்கும் காசு போகும்.

டெட்ராய்ட்காரர்கள் தங்கள் கட்டடத்தைக் கடையோடு நிறுத்தாமல் மேல் மாடியையும் கணக்கில் எடுத்துக்கொண்டது இதனால்தான். அங்கே நெட்வொர்க் அலுவலகம், விழாக்களுக்கு வாடகைக்கு விட ஒரு கூடம், கூடவே நான்கு பொது சமையலறைகள். வீட்டில் சாஸ், கேக், ஊறுகாய் செய்து விற்க நினைப்பவர் சட்டப்படி உரிமம் பெற்ற சமையலறையைச் சொந்தமாகக் கட்டுவது நினைத்துப் பார்க்க முடியாத செலவு. இங்கே அதை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். மேலே பாட்டிலில் அடைத்த சாஸுக்குக் கீழே ஒரு அலமாரி காத்திருக்கிறது. விலைச் சீட்டில் என்ன எழுதுவது என்பதை மட்டும் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.