சி.ஆர்.பி. ஏறியிருக்கிறதே, டாக்டர்!

கொரோனாவுக்கு முன்னால் சி.ஆர்.பி. என்று வீட்டில் யாரும் பேசிக் கேட்டிருக்க மாட்டோம். இரண்டாம் அலையில் லேப் ரிப்போர்ட்டுகள் வாட்ஸ்அப்பில் பறந்தபோது ஃபெரிட்டின், டி-டைமர் என்பவற்றோடு அதுவும் நம் பேச்சில் நுழைந்துவிட்டது. இப்போது இரண்டு நாள் காய்ச்சலுக்கே அந்த எண்ணைக் கூகுளில் தேடிப் பயந்துபோய் வருகிறவர்கள் உண்டு. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்ற இரு மருத்துவர்கள் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பென்சிலின் புழக்கத்துக்கு வராத காலம். இரத்தத்தை உறையவிட்டால் வெளிர்மஞ்சள் நீர் தெளிந்து நிற்கும், அதுதான் சீரம். அதை எடுத்து, நிமோனியாக் கிருமியிலிருந்து பிரித்த ஒரு சர்க்கரைப் பொருளோடு கலந்தார்கள். அந்தப் பொருளுக்கு அவர்கள் இட்ட அடையாளம் ‘சி’. கலந்ததும் திரிந்து, வீழ்படிவு உண்டாயிற்று.

சீரத்தில் இருந்த எதுவோ வினைபுரிந்திருந்தது. அது கிருமிக்கு எதிராக உடல் தயாரிக்கும் ஆன்டிபாடியாக இருந்தால், நோய் தணியும் கட்டத்தில்தான் அது பெருக வேண்டும். இதுவோ நேர்மாறு. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது தென்பட்டது, நோயாளி தேறியதும் காணாமல் போனது. போதாக்குறைக்கு, நிமோனியாவே வராத ருமாட்டிக் காய்ச்சல்காரர்களின் சீரத்திலும் இருந்தது. இது ஒரு புரதம் என்று பின்னர் தெளிவாகி, ‘சி-ரியாக்டிவ் புரோட்டீன்’, சுருக்கமாக சி.ஆர்.பி., என்ற பெயர் நிலைத்தது.

இதைச் செய்வது கல்லீரல். உடலில் எங்காவது தொற்றோ காயமோ ஏற்பட்டால், அங்குள்ள நோய் எதிர்ப்பு செல்கள் இன்டர்லூக்கின்-6 என்ற வேதித்தூதை அனுப்பும். அது வந்து சேர்ந்ததும் கல்லீரல் வேலையைத் தொடங்கும். ஆறு மணி நேரத்தில் அளவு ஏறத் தொடங்கி, ஏறக்குறைய இரண்டு நாளில் உச்சம் தொடும். லிட்டருக்குச் சில மில்லிகிராம் இருந்தது, கடும் பாக்டீரியத் தொற்றில் நூறைத் தாண்டும். தூண்டுதல் நின்றால், சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். காய்ச்சல் கண்ட முதல் சில மணி நேரத்தில் எடுத்த ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வந்தால் அதை நம்பி உட்கார்ந்துவிட முடியாது. ஒரே ஒரு ரிப்போர்ட்டைவிட, இரண்டு நாள் கழித்து எடுக்கும் அடுத்த ரிப்போர்ட்டுக்குத்தான் மதிப்பு அதிகம் என்பேன்.

தெருவில் கூச்சல் கேட்கிறது. திருடன் புகுந்தானா, குழாயடிச் சண்டையா என்பது கூச்சலில் தெரியாது. சி.ஆர்.பி.யும் அப்படித்தான். குடல்வால் அழற்சி, முடக்குவாதம், மாரடைப்பு, நேற்று முடிந்த அறுவைசிகிச்சை எல்லாமே அதை ஏற்றும். அது பேசாமல் இருக்கும் இடங்களும் உண்டு. லூபஸ் நோய் மூட்டையும் சிறுநீரகத்தையும் தாக்கும்போதுகூடப் பல நோயாளிகளுக்கு சி.ஆர்.பி. அவ்வளவாக ஏறாது. அதனாலேயே லூபஸ்காரருக்குக் காய்ச்சலோடு சி.ஆர்.பி. எகிறினால், கிருமித் தொற்று இருக்குமோ என்று மருத்துவர் தேடத் தொடங்குவார். இன்டர்லூக்கின்-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கோ உண்மையான தொற்று வந்தாலும் இந்த எண் அசையாமல் இருக்கக்கூடும்.

பாக்டீரியாவா வைரஸா என்று பிரித்துக் காட்ட இன்னொன்று வந்தது: புரோகால்சிட்டோனின். தைராய்டு சுரப்பி கால்சிட்டோனின் செய்வதற்கான மூலப்பொருள் இது. பாக்டீரியத் தொற்று கடுமையானால் இரத்தத்தில் இதன் அளவு எகிறும் என்று 1993இல் பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதினார்கள். அப்போது உடலின் பல உறுப்புகளும் இதைக் கொட்டுகின்றன என்பது பின்னர் தெரியவந்தது. வைரஸ் தொற்றில் சுரக்கும் இன்டர்ஃபெரான் இதை அடக்கிவைக்கும். சுவிட்சர்லாந்தில் 1,359 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், இதைப் பார்த்து மருந்து கொடுத்தபோது ஆன்ட்டிபயாட்டிக் நாட்கள் 8.7இலிருந்து 5.7 ஆகக் குறைந்தன. நோயாளிகளுக்குக் கெடுதல் கூடவில்லை. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்விலோ அப்படிக் குறையவில்லை. எண் கைக்கு வந்தால் போதாது, அதை வைத்து முடிவெடுக்கும் மருத்துவரும் வேண்டும்.

ஒரு சின்ன விஷயம். சில லேப்கள் சி.ஆர்.பி.யை லிட்டருக்கு மில்லிகிராமில் தரும், சில டெசிலிட்டருக்கு மில்லிகிராமில். ஒன்றில் 12 என்பது மற்றதில் 1.2. இரண்டு லேப் ரிப்போர்ட்டுகளை ஒப்பிடும் முன் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பாருங்கள். எண் எதுவானாலும், அதைக் காட்டி மருந்துக்கடையில் ஆன்ட்டிபயாட்டிக் மட்டும் கேட்காதீர்கள்.