திரும்பும் வழியிலே பரிசோதனை

வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று ஸ்தானங்களின் புற்றுநோயை முன்னதாகக் கண்டறிய நமது தேசத்தில் அரசாங்கத் திட்டம் உண்டாயினும், பெருங்குடலுக்கு அத்தகைய ஏற்பாடு இன்மையால், மட்டாஞ்சேரியில் மிளகு மண்டிகளை அடுத்து வசிக்கும் தமிழர் ஒருவர், தமையனுக்கு அந்நோய் வந்ததை எண்ணிக் கொலனோஸ்கோபி செய்துகொள்ள முற்படுவாரானால், பரிசோதனையின் தரத்தையும் அவரே விசாரித்தறிய வேண்டியதாகிறது.

இப்பரிசோதனையில் பெருங்குடலின் தொடக்கம்வரை காமிராக் குழாய் செல்ல வேண்டியது அவசியமே. ஆனால் அது திரும்பி வரும் வேளையே பிரதானமானது, மடிப்புகளின் பின்னே தட்டையாக ஒட்டிக் கிடக்கும் பாலிப் என்னும் சதை வளர்ச்சி கண்ணிற் படுவது பெரும்பாலும் அப்போதுதான். அந்த வேளைக்கு 6 நிமிஷத்துக்குக் குறையாமல் செலவிட்ட வைத்தியர்கள் மற்றவரைவிட மிகுதியாகக் கண்டுபிடித்தனர் என்று 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று. சோதிக்கப்பட்ட நூறு பேரில் எத்தனை பேரிடம் அடினோமா என்னும், புற்றாக மாறக்கூடிய பாலிப் கண்டார் என்பதே ஒரு வைத்தியருக்குரிய உரைகல். அவ்விகிதம் நூற்றுக்கு ஒன்று உயருந்தோறும், பின்னாளில் நோய் தோன்றும் அபாயம் 3 சதவிகிதம் குறைவதாக 2014இல் மற்றோர் ஆய்வு கணக்கிட்டது. வைத்தியரிடம் அவ்விகிதத்தைக் கேட்டறிய நமக்கோ கூச்சம்!

நோயாளியின் பங்கும் சிறிதன்று. பேதி மருந்தில் பாதியை முன்னிரவிலும் மீதியை அன்று காலையிலும் அருந்தி, வெளியேறுவது தெளிந்த மஞ்சள் நீராகும்வரை பொறுத்திருக்க வேண்டும். முதல் நாள் புட்டும் கடலையும் உண்டுவிட்டு வந்தால், எத்துணைத் தேர்ந்த கண்ணுக்கும் தெரிவது கடலைத் தோல்தான்.