மல்லூர் தாண்டியதும் ஒரு பாட்டு

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் வண்டி ஏறினால் டிக்கெட்டுக்கு முன்னால் பாட்டு வந்துவிடும். எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்களுக்கு அதுதான் கௌரவம். சீட்டு கிழிந்திருக்கலாம், ஜன்னல் கம்பி ஆடலாம். ஸ்பீக்கர் மட்டும் சோடை போகக் கூடாது. பகலில் இளையராஜா, நடுவில் கொஞ்சம் தேவா, ராத்திரிக் கடைசி வண்டி என்றால் சோகப் பாட்டு என்று எழுதாத சட்டம் ஒன்று உண்டு. போன மாதம் ஒரு மத்தியானம், மல்லூர் தாண்டியதும் டிரைவர் அந்தச் சட்டத்தை மீறினார்.

மெட்டு எனக்குப் பழகியது. 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா போட்ட ‘மடை திறந்து’. ஆனால் நடுவில் புகுந்து மூச்சுவிடாமல் தமிழில் பொரிந்து தள்ளிய குரல்கள் யாருடையவை? முட்டை லாரி ஒன்று ஏர்ஹாரனை அலறவிட்டுக்கொண்டு எங்களை முந்தியது. கண்டக்டர் விசில் வேறு. பின் சீட்டில் இரண்டு பேர் கோழித் தீவன விலை பேசிப் பேசிக் கைகலப்புக்குப் பக்கத்தில் வந்திருந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் போனை ஸ்பீக்கர் பக்கம் தூக்கிப் பிடித்தேன். பத்தே நொடி. திரையில் பெயர் வந்தது: யோகி பி, நட்சத்ரா, தொகுப்பு ‘வல்லவன்’, 2006.

மலேசியத் தமிழர்கள். தமிழ் ராப் கேட்கிறவர்களுக்கு இது பாலபாடம். 2007இல் ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பி பாடியதையும் அவர்கள் அப்போதே கேட்டிருப்பார்கள். இத்தனை வருஷம் பிந்தி வந்த வெட்கம் எனக்கு இருந்தது. அதைவிட ஆச்சரியம்தான் அதிகம். ஒரே மெட்டில் இரண்டு பாட்டு இருக்க, போன் ஏன் பழைய படத்தின் பெயரைச் சொல்லவில்லை? என் காதே தடுமாறிய இரைச்சலில் அதற்கு எப்படிப் பிடிபட்டது?

போனுக்கு மெட்டே தெரியாது என்பதுதான் விடை. ராகம், தாளம், வரி எதுவும் அதற்குத் தெரியாது.

இப்படிப் பாட்டைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஷசாம் என்ற சேவை 2002இல் பிரிட்டனில் தொடங்கியபோது இன்றைய மாதிரி போன்கள் கிடையாது. 2580 என்று அழுத்த வேண்டும், அதாவது பொத்தான்களின் நடு வரிசையை மேலிருந்து கீழாக. போனைப் பாட்டுப் பக்கம் காட்டினால் சற்று நேரத்தில் பாட்டின் பெயர் எஸ்எம்எஸ்ஸாக வரும். அதற்குப் பின்னாலிருந்த கணக்கைப் போட்டவர் ஏவரி வாங். 2003இல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார்.

ராத்திரி சேலத்தில் மொட்டை மாடியில் நின்று ஏற்காடு பக்கம் பாருங்கள். மரமும் பாறையும் இருட்டில் கரைந்துவிடும். அங்கங்கே எரிகிற விளக்குகள் மட்டும் மிஞ்சும். அந்தப் புள்ளிகளின் வரிசையைப் பார்த்தே உள்ளூர்க்காரர் மலையை அடையாளம் சொல்வார். வாங் பாட்டுக்குச் செய்தது இதுதான். ஒலியைப் படமாக விரித்தார்: இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண், சத்தம் ஓங்கும் இடத்தில் வெளிச்சம். பிறகு மங்கலானதையெல்லாம் அழித்துவிட்டு, உச்சியில் எரியும் புள்ளிகளை மட்டும் விட்டுவைத்தார்.

ஒற்றைப் புள்ளியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அது எந்தப் பாட்டிலும் இருக்கும். அதனால் புள்ளிகளை ஜோடி சேர்த்தார். முதல் புள்ளியின் அதிர்வெண், இரண்டாவதின் அதிர்வெண், இடையில் உள்ள நேரம்: மூன்றும் சேர்ந்து ஒரு எண். ஒரு பாட்டுக்கு இப்படி ஆயிரக்கணக்கில் எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது எந்தப் பாட்டில் எத்தனையாவது நொடியில் வருகிறது என்று ஒரு பேரேடு. நாம் பிடித்த பத்து நொடியும் எண்களாக உடைந்து அந்தப் பேரேட்டில் தேடப்படும். சம்பந்தமில்லாத பாட்டுகளிலும் சில எண்கள் அகப்படும்; அவை ஒன்று தொடக்கத்தில், ஒன்று முடிவில் என்று சிதறிக் கிடக்கும். சரியான பாட்டில் மட்டும் எல்லாச் சாட்சிகளும் ஒரே நேரத்தைச் சொல்லும்.

ஏர்ஹாரன் மலையில் சில போலி விளக்குகளை ஏற்றும், சில நிஜ விளக்குகளை மறைக்கும். போலிகள் எந்தப் பாட்டிலும் ஒன்றுகூடி நிற்கப் போவதில்லை. மோசமான இரைச்சலிலும், நூற்றுக்கு ஒன்றிரண்டு எண்கள் தப்பிப் பிழைத்தால் வேலை நடந்துவிடும் என்கிறது அந்தக் கட்டுரை. மனிதர்களிடம் இப்படிப்பட்ட சாட்சியத்தை ஏற்றுக்கொண்டால் எந்தக் கோர்ட்டும் தாங்காது.

இதனால்தான் கோயில் திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் அதே பாட்டை எவ்வளவு அச்சு அசலாகப் பாடினாலும் போன் கைவிரிக்கும். ஒரு மயிரிழை வேகம் மாறினால் இடைவெளிகள் மாறி, எண்களே வேறாகிவிடும். ஒரு பாட்டை அல்ல, ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவைத்தான் அது அறியும். இன்னொரு வேடிக்கை: தப்பு என்று வந்த புகார்கள் சிலவற்றைத் தோண்டிப் பார்த்தபோது, புதுப் பாட்டுக்குள் பழைய இசைத்தட்டின் துண்டு ஒளிந்திருந்ததாக வாங் எழுதுகிறார்.

அந்தத் துண்டு வெட்டுகிற கலையில்தான் ஹிப்ஹாப்பே பிறந்தது. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். பள்ளி திறக்கப் போவதை ஒட்டித் தங்கை நடத்திய விருந்துக்குப் பாட்டுப் போட்டவர் ஜமைக்காவிலிருந்து வந்த கூல் ஹெர்க். பாட்டு நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் கூட்டம் துள்ளுகிறது என்று கவனித்தவர், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து மாற்றி மாற்றி ஓட்டி அந்தச் சில நொடியை நிமிஷக் கணக்கில் இழுத்தார். நம்மூர்க் கல்யாண வீட்டு ரேடியோ செட்காரருக்கு இந்தக் கவனிப்பு புரியும். எந்தப் பாட்டுக்குப் பந்தியிலிருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள் என்று அவர்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆண்டகளூர் கேட் வருவதற்கு முன் இன்னொரு ராப். இதில் பழைய மெட்டு கிடையாது. விசைத்தறியின் ‘டக்கு டக்கு’ச் சத்தம் மாதிரி ஒரு தாளம், அதன்மேல் எங்கள் ‘ங்க’ போட்ட பேச்சு. ஹிப்ஹாப்காரர்கள் பெரும்பாலும் வரி முடிவில் ஒலியைப் பொருத்துவார்கள். நம் யாப்பு அதை இயைபு என்கிறது. இந்தப் பையன் வரித் தொடக்கத்திலும் எதுகை வைத்திருந்தான். மறுபடி போனைத் தூக்கினேன். பத்து நொடி, இருபது நொடி. ‘கிடைக்கவில்லை’ என்றது. கண்டக்டரைக் கேட்டேன்.

“அண்ணா, இது யாரு பாட்டுங்க?”

“நம்ம டிரைவரு சொந்தக்காரப் பையன் பாடுனதுங்க. ரூமுக்குள்ளயே போன்ல ரெக்கார்டு பண்ணிருக்கறான். ஏன், நல்லா இல்லீங்களா?”

நன்றாகவே இருந்தது. ஏன் நன்றாக இருந்தது என்பதற்கும் ஓர் ஆராய்ச்சி உண்டு. 2013இல் மான்ட்ரியலில் வலோரி சலிம்பூர் குழுவினர், 19 பேரை ஸ்கேனில் படுக்கவைத்து இதுவரை கேட்டிராத 60 பாட்டுத் துண்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். பிடித்ததைச் சொந்தக் காசில் விலைபேசி வாங்கலாம். அதிகக் காசு தர முன்வந்த பாட்டுகளின்போது, மூளையின் அடியில் வெகுமதியை எதிர்பார்க்கும் சிறு பகுதி கூடுதலாக விழித்தது. ஒலியைச் சேர்த்துவைத்திருக்கும் பகுதியோடு அதன் பேச்சுவார்த்தையும் கூடியது. புதுப் பாட்டை மூளை பழைய பாட்டுகளை வைத்துத்தான் எடைபோடுகிறது. அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கிறது. ஊகம் பலித்தாலும் சந்தோஷம், அழகாகப் பொய்த்தாலும் சந்தோஷம். தறிச் சத்தத்தில் வளர்ந்த காதுக்கு அந்தத் தாளம் பாதி தெரிந்தது, பாதி புதியது.

என் போனில் உள்ள பாட்டுச் செயலி இந்தப் பையனின் பாட்டை எனக்குக் காட்டியிருக்குமா? வாய்ப்பு குறைவு. அது பெரும்பாலும் பாட்டைக் கேட்டுப் பரிந்துரைப்பதில்லை, ஆட்களை ஒப்பிட்டுப் பரிந்துரைக்கிறது. நீங்கள் பத்துப் பாட்டு கேட்கிறீர்கள், முகம் தெரியாத ஒருவர் அதில் ஒன்பதைக் கேட்கிறார் என்றால் மீதி ஒன்று அவருக்குப் போகும். கோடிக்கணக்கான காதுகளில் இது பிரமாதமாக வேலை செய்யும். யாருமே கேட்காத பாட்டுக்கு ஒப்பிட ஆளில்லை. ஒலியையே அலசிப் பரிந்துரைக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. ஆனாலும் முதல் சில நூறு காதுகளைப் பாடியவன்தான் தேடிக்கொள்ள வேண்டும். ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு கேட்பாகக் கணக்கு. 2024 முதல், 12 மாதத்தில் 1,000 கேட்பு தாண்டாத பாட்டுக்கு அங்கே காசும் கிடையாது.

அந்த முதல் காதுகள் யார் என்பது தலையெழுத்தையே மாற்றும். 2006இல் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட சோதனையைப் படித்தபோது எனக்குச் சற்று வயிற்றைக் கலக்கியது. பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகள், 14,341 பேர். சிலர் யாரையும் பார்க்காமல் தாங்களாகவே கேட்டார்கள். மற்றவர்கள் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தங்கள் உலகத்தில் மற்றவர் எதைப் பதிவிறக்கினார்கள் என்று பார்த்தபடி கேட்டார்கள். மிக நல்ல பாட்டு அநேகமாகத் தோற்கவில்லை, மிக மோசமானது ஜெயிக்கவில்லை. நடுவில் இருந்தவற்றின் கதைதான் குழப்பம். தனியாகக் கேட்டவர்கள் 26ஆம் இடம் கொடுத்த ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடம், இன்னோர் உலகத்தில் 40ஆம் இடம். பாட்டு அதேதான். யார் முதலில் தலையாட்டினார்கள் என்பது மட்டும் வேறு.

ஒரு பாட்டை முதலில் நம் காதில் போடுகிறவர் யார் என்று யோசித்தபோது, சேலம் டவுனில் நாங்கள் கேசட் பதியப் போன கடை நினைவுக்கு வந்தது. வேண்டிய பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, 60 கேசட்டா 90 கேசட்டா என்று சொல்லிவிட்டு வந்தால் இரண்டு நாளில் கிடைக்கும். கணக்கு எப்போதும் சரியாக அமையாது. பி சைடு முடிவில் மூன்று நிமிஷம் மிஞ்சும். வெற்று நாடாவாகக் கொடுக்கக் கடைக்காரருக்கு மனசு வராது, தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டு ஏற்றிவிடுவார். நான் எழுதிக் கொடுத்த பாட்டுகளில் பாதி மறந்துவிட்டது. அவர் ஏற்றிய பாட்டுகள் இன்னும் நினைவிருக்கின்றன. கேசட் போய் செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தந்த காலத்திலும், கார்டில் மிஞ்சிய இடத்துக்குக் கடைப் பையனின் ரசனை சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டது.

நாமக்கல்லில் மலைக்கோட்டை கண்ணில் பட்டபோது கண்டக்டர் என் சீட்டுக்கே வந்துவிட்டார்.

“பாட்டு வேணுமுங்களா? உங்க வாட்ஸப் நம்பர் சொல்லுங்க.”

இறங்கி டீ சொல்லிவிட்டுப் பார்த்தால் வந்திருந்தது. பாடியவன் பெயர் இல்லை, படம் இல்லை. பைலின் பெயர் மட்டும்: ‘பைனல் 3 இதுதான் பைனல்’.